எதுக்கு இந்த வரிசை?

பூட்டிக் கிடந்த ஷட்டரைப் பார்த்தபடி பவ்யாவும் தீபிகாவும் வெகுநேரமாக ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவதாக யாரும் வந்து நிற்கவில்லை.

"ஒரு நாய் வந்துச்சுல்ல?" என்றாள் தீபிகா.

"அது படுத்துக்கிச்சு. படுத்தா கணக்குல வராது."

ஆவடி மார்க்கெட்டை ஒட்டிய தெரு. சனிக்கிழமை நண்பகல். வெயில் மண்டையைப் பிளந்தது. கத்தரிக்காய் வாங்க வந்தவர்களும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்களும் இரண்டு பெண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் நின்று, "கடை மூடி ஆறு மாசம் ஆச்சு கண்ணு" என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டுப் போனாள்.

பவ்யா பி.எஸ்ஸி. சைக்காலஜி மூன்றாம் ஆண்டு. அவள் அப்பா ரவிச்சந்திரனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை, குடும்பம் குவார்ட்டர்ஸில். மகள் இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் ஒரே கேள்விதான். காலையில் பல் தேய்க்கும்போது கேட்பார், ராத்திரி ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் கேட்பார்.

"எல்லாம் சரி, இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"நிறைய வாய்ப்பு இருக்குப்பா."

"ஒண்ணு சொல்லேன்."

பவ்யாவுக்கு அந்த ஒன்று கிடைப்பதில்தான் சிக்கல். கல்லூரி வாசலில் துறையின் சார்பாக ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. 'உளவியல் படித்தோருக்கு வேலை, சேவை, ஆராய்ச்சி: மூன்று கதவுகள் திறந்திருக்கின்றன!' பவ்யா மூன்றையும் தட்டிப் பார்த்தவள்.

வேலை என்ற கதவை அம்பத்தூர் எஸ்டேட்டில் தட்டினாள். "எங்களுக்கு எம்.பி.ஏ.தான் வேணும்" என்றார்கள். ஆஸ்பத்திரியில் தட்டியபோது "எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு வாங்க" என்றார்கள். அங்கேயே நின்றிருந்த எம்.எஸ்ஸி. பெண்ணிடம் எம்.ஃபில். முடித்துவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு கவுன்சலிங் சென்டரில் மட்டும் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். போன் வந்தால் எடுத்து, "டாக்டர் பிஸி" என்று சொல்லும் வேலை.

சேவை என்ற கதவு முத்தாபுதுப்பேட்டையில் இருந்தது. முதியோர் இல்லம். அங்கே இருப்பவர்களின் மனக்குறைகளைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று போனாள். அவர்கள், "நீ என்னம்மா படிக்கிற?" என்று கேட்டார்கள். சொன்னாள். "அதைப் படிச்சா என்ன வேலை?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவர்கள்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கிளம்பும்போது ஒரு பெரியவர் தன் பங்கு வாழைப்பழத்தை அவள் கையில் திணித்து, "மனசைத் தளர விடாத" என்றார்.

மிச்சம் இருந்தது ஆராய்ச்சி. பரீட்சை பயம் பற்றி ஒரு கேள்வித்தாள் தயாரித்து, தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாள். பதில் அனுப்பியவர்கள் பவ்யா, தீபிகா, அப்புறம் தம்பி பெயரில் மறுபடியும் தீபிகா.

இந்த நிலைமையில்தான் பேராசிரியர் பார்த்தசாரதி அறிவித்தார். நகரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி மையம் கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளும். யாருடைய ப்ராஜெக்ட் நன்றாக வருகிறதோ அவளைத்தான் சிபாரிசு செய்வார்.

வீட்டில் அப்பாவும் அறிவித்துவிட்டார். "திங்கக்கிழமை அம்பத்தூர் ஓ.டி.ல பேங்க் கோச்சிங் சேர்த்து விடுறேன். உன் சைக்காலஜியை பேங்குக்கு வர்ற கஸ்டமர்கிட்ட காட்டு."

அதனால்தான் இந்த வரிசை. மந்தையைப் பார்த்து மனிதன் மந்தையாகிறான் என்று காட்டுவதுதான் ப்ராஜெக்ட். எதற்கென்று தெரியாமலே ஒருவர் பின்னால் ஒருவராக வந்து நிற்பார்கள் என்று புத்தகம் சொன்னது. பேராசிரியர் இரண்டு விதிகள் விதித்திருந்தார். ஒன்று, வந்து நிற்பவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். இரண்டு, யாராவது "எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டால் "தெரியாது" என்ற ஒரே பதில்தான் சொல்ல வேண்டும்.

கேட்கத்தான் ஆளில்லை.

போன் அடித்தது. அம்மா கஸ்தூரி. "எங்கடி இருக்க? சோறு ஆறிப் போவுது."

"ஆவடி மார்க்கெட் பக்கத்துல வரிசையில நிக்கிறேம்மா."

"எதுக்கு வரிசை?"

"அதெல்லாம் சொன்னா புரியாது. யாருமே வர மாட்டேங்கிறாங்கம்மா…" என்று சொல்லும்போதே பவ்யா அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிவிட்டு போனை வைத்தாள்.

"போயிடலாமா?" என்றாள் தீபிகா.

"இன்னும் கொஞ்ச நேரம். சாகறதுன்னு ஆச்சு, இங்கயே சாகலாம்."

அப்போதுதான் அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வழுக்கை, அரைக்கைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. தெருமுனையில் சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். ஷட்டரை அவர் பார்க்கவே இல்லை. பெண்கள் இரண்டு பேரையும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். தீபிகாவுக்குப் பின்னால் வந்து, பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்பவரைப் போல நேராக நின்றுகொண்டார்.

"கேளு, கேளு" என்று பவ்யா தீபிகாவின் இடுப்பில் இடித்தாள்.

தீபிகா திரும்பினாள். "சார், நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"நீங்க எதுக்கு நிக்கிறீங்களோ அதுக்குத்தாம்மா."

புத்தகத்தில் இருந்த வாக்கியம் போலவே இருந்தது. பவ்யாவுக்குக் கண் கலங்கியது. மனிதகுலத்தின் பலவீனத்தை நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அன்றைக்கு ஆவடியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

அவர் பின்னால் இன்னொருவர் வந்தார். அவர் கையிலும் சாப்பாட்டுப் பை. அவர் பின்னால் மூன்று பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை பழக்கடையைத் தாண்டியது. யாரும் சத்தம் போடவில்லை, யாரும் யாரையும் தள்ளவில்லை.

"நாம ஜெயிச்சுட்டோம்டி" என்றாள் பவ்யா, போனில் போட்டோ எடுத்தபடியே.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்த அசோக் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா குடுக்கிறாங்கோ?"

"தெரியாது" என்றாள் பவ்யா, விதிப்படி.

"தெரியாமயா இவ்ளோ பேரு நின்னுகினு கீறாங்க?"

"நிஜமா தெரியாதுங்க."

அசோக் அவளைக் கூர்ந்து பார்த்தான். "பாத்தா படிச்ச பொண்ணு மாரி கீற. தெரிஞ்சுகினே சொல்ல மாட்டேன்ற. அப்போ பெருசா ஏதோ கீது." ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வரிசையில் நின்றான். உடனே போனை எடுத்தான். "ஊட்டாண்ட கீறியா? ஆதார் ஜெராக்ஸ் எட்த்துகினு ஆவடி மார்க்கெட்டாண்ட ஓடியா. எதுக்கா? எதுக்கோ ஒண்ணுக்கு. வந்துகினே இரு."

இதைக் கேட்ட நாலு பேர், தாங்களும் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க எதிர்க்கடைக்கு ஓடினார்கள். அங்கே கூட்டம் சேர்ந்ததைப் பார்த்து, எதற்கு ஜெராக்ஸ் என்று கேட்டவர்கள் வரிசைக்கு வந்தார்கள். மிக்ஸி கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. இல்லை, செம்பரம்பாக்கம் பக்கம் வீட்டு மனைக்கு டோக்கன் என்று இன்னொரு பேச்சு. "முதியோர் உதவித்தொகை" என்று ஒருவர் சொன்னதும், நிமிர்ந்து நின்ற ஒரு நடுத்தர வயதுக்காரர் வயதைக் கூட்டிக் காட்டுவதற்காகக் கூன் போட்டு நின்றார்.

வரிசை தெருவை அடைத்தது. பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. பவ்யா பின்னால் ஓடினாள். "கொஞ்சம் அந்தச் சந்துப் பக்கம் மடங்கி நில்லுங்க, ப்ளீஸ்."

மடங்கி நின்றார்கள். சந்தின் மறுமுனை மெயின் ரோட்டில் இருந்தது. அதுவரை வரிசை இருப்பதே தெரியாத மெயின் ரோடு அதைக் கண்ணால் பார்த்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் வரிசை இரண்டு மடங்காயிற்று.

தீபிகாவின் முகம் வெளிறியது. "சொல்லிடலாம்டி. 'இது ஆராய்ச்சி, ஒண்ணும் குடுக்கல'ன்னு சொல்லிடலாம்."

பவ்யா கடைப் படியில் ஏறி நின்றாள். தொண்டையைச் செருமினாள். "எல்லாரும் மன்னிக்கணும். இங்க எதுவும் குடுக்கல! நீங்க வீட்டுக்குப் போகலாம்!"

பின்னால் இருந்து ஒரு பெண்ணின் குரல் அலறியது. "ஸ்டாக் தீந்துபோச்சாம்!"

வரிசை ஒட்டுமொத்தமாக முன்னால் நகர்ந்தது.

"தீரல, தீரல! இருந்தாத்தானே தீரும்?" என்றாள் பவ்யா.

"பாத்தியா, 'தீரல'ன்னு அதே சொல்லுது" என்றான் அசோக். "முன்னாடி நிக்கிறவங்களுக்கு மட்டும் குட்த்துட்டு நம்மள கெளப்பிவுடப் பாக்குது. யாரும் நகராதீங்கோ! லேடீஸ் தனி லைன்! கொழந்த வெச்சுகினு கீறவங்க நெழலாண்ட வாங்கோ!" அவன் கையை நீட்டி ஒழுங்குபடுத்தியதும், அதுவரை வெறும் வரிசையாக இருந்தது அரசாங்க வரிசையாகவே மாறிவிட்டது.

பவ்யா தீபிகாவின் கையைப் பிடித்தாள். "முன்னாடி நிக்கிற நாமளே போயிட்டா கூட்டம் தானா கலைஞ்சுடும். வா."

இருவரும் வரிசையை விட்டு வெளியே வந்து நடந்தார்கள். நாலடி போவதற்குள் பின்னால் குரல் எழுந்தது.

"ரெண்டு பேரு வாங்கிட்டுப் போறாங்கடோய்!"

"பையில என்னம்மா? காட்டிட்டுப் போ!"

தீபிகாவின் கைப்பையைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. உள்ளே தண்ணீர் பாட்டில், குடை, சீப்பு. "குடை குடுக்கிறாங்க" என்ற செய்தி சந்தின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது. தீபிகா அதற்கு மேல் நிற்கவில்லை. வந்த பஸ் எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டாள்.

பவ்யா திரும்பி ஓடிவந்து முதல் ஆளிடம் நின்றாள். சாப்பாட்டுப் பைக்காரர். இப்போது வரிசையின் தலைமாட்டில் அவர்தான்.

"சார், உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன். நீங்க கிளம்பினா பின்னாடி இருக்கிறவங்களும் கிளம்பிடுவாங்க. இங்க நிஜமாவே ஒண்ணும் கிடையாது சார்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா நிக்கிறீங்க?"

"நாங்க போறதா இல்ல. நீ தைரியமா இரு" என்றார் அவர். அவர் பின்னால் நின்ற சாப்பாட்டுப் பைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

ஒன்றும் கிடையாது என்று தெரிந்தும் நகர மறுக்கும் மனிதர்கள்! எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு விஷயம் கிடையாது. பவ்யாவுக்கு ஒரே சமயத்தில் பயமாகவும் இருந்தது, புல்லரிக்கவும் செய்தது. ஒதுங்கிப் போய் பேராசிரியருக்கு போன் போட்டாள்.

"சார், கூட்டம் கட்டுக்கு அடங்கல சார். கலைக்கவும் முடியல."

"கலைச்சுடாத!" என்று பேராசிரியர் கத்தினார். "எத்தனை பேரும்மா?"

"எண்ண முடியல சார். சந்து திரும்பிப் போவுது."

"நான் வரேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தரையும் விட்டுடாத."

பார்த்தசாரதி அம்பத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். கண்ணில் நீர் மல்க வரிசையை அடி முதல் நுனி வரை பார்த்தார். பவ்யாவிடம் வருவதற்காக முன்னால் நடந்தார். அசோக் குறுக்கே கையை நீட்டினான்.

"பெரியவரே, எங்க பூந்து போற? பின்னாடி போய் நில்லு."

"நான் ப்ரொஃபஸர்பா. இதை நடத்துறதே நான்தான்."

"எல்லாரும் அதான் சொல்றாங்கோ. இப்போ ஒருத்தன் கலெக்டர் ஆபீஸ்னு சொல்லிகினு வந்தான். வரிசைல வா நைனா."

இப்படியாக, கூட்டத்தோடு ஒத்துப்போகும் கன்ஃபார்மிட்டி பற்றி முப்பது வருஷம் பாடம் எடுத்த பார்த்தசாரதி, மெயின் ரோட்டுப் பக்கம் கடைசி ஆளாகப் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் பின்னாலும் ஆள் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து பவ்யாவுக்கு போன் செய்தார். "இங்க யாரோ குடைன்னு சொல்றாங்க. அப்படி எதுவும் இல்லையேம்மா?" என்று கேட்டவர், ஒரு நொடி தயங்கி, "இல்ல, சும்மா கேட்டேன்" என்றார்.

போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் நாகவல்லி.

"யாரு இதை ஆரம்பிச்சது?"

பவ்யா கையைத் தூக்கினாள்.

"என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மேடம்."

"அப்புறம் எதுக்கு இத்தனை பேரு?"

"ஒண்ணும் குடுக்காட்டியும் நிப்பாங்களான்னு பாக்கிறதுக்கு மேடம். ஆராய்ச்சி. பி.எஸ்ஸி. சைக்காலஜி."

நாகவல்லி அவளை நிதானமாகப் பார்த்தார். "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"நிறைய வாய்ப்பு இருக்கு மேடம்" என்றாள் பவ்யா. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஷட்டரைத் திறந்து காட்டினால் கூட்டம் நம்பும் என்று நாகவல்லிக்குத் தோன்றியது. கடைக்காரரை வரவழைத்தார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது. பத்துப் பேர் சேர்ந்து நெம்பி, கிறீச்சென்ற சத்தத்தோடு ஷட்டர் மேலே போனது.

உள்ளே ஒரு கால் உடைந்த நாற்காலி. ஒரு பெருச்சாளி. வேறு எதுவும் இல்லை.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

"பாத்துட்டீங்கல்ல?" என்றார் நாகவல்லி. "கடை காலி. எல்லாரும் கிளம்புங்க."

அசோக் தலையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "அப்போ லாரி இன்னும் வர்ல!" என்றான். "இப்பத்தான் கடையைத் தொறந்து ரெடி பண்றாங்கோ!"

"ஆமா, ஆமா" என்று பல குரல்கள். காலிக் கடையைப் பார்த்த பிறகு கூட்டத்துக்கு நம்பிக்கை கூடிவிட்டது. சிலர் உட்கார இடம் தேடினார்கள். கடைக்காரர், வாடகைக்கே ஆள் வராத தன் கடையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

நாகவல்லி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மறுபடி மாட்டினார். ஜீப்பின் மைக்கை எடுத்து, எந்த உணர்ச்சியும் இல்லாத குரலில் சொன்னார்:

"இன்னைக்கு டைம் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு வாங்க."

அவ்வளவுதான். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசை கலைந்தது. ஒருவருக்கும் வருத்தம் இல்லை. எந்த ஊரிலும் எந்த அலுவலகத்திலும் கேட்டுப் பழகிய வார்த்தைதானே? சிலர் திருப்தியோடு ஆதார் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்கள். கூன் போட்டிருந்தவர் நிமிர்ந்து நடந்தார். சாப்பாட்டுப் பைக்காரர்கள் மட்டும் பவ்யாவைப் பார்த்தார்கள். அவள் தலையசைத்த பிறகே சைக்கிளை எடுத்தார்கள்.

மறுநாள் அங்கே ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை.

பேராசிரியர் பார்த்தசாரதி அன்று இரவே உட்கார்ந்து முடிவை எழுதிவிட்டார். பவ்யா எடுத்த போட்டோக்களைப் பெரிதுபடுத்திப் பார்த்தபோது அவருக்கு ஒரு உண்மை பளிச்சென்று தெரிந்ததாம்.

"கவனிச்சியாம்மா? முதல்ல வந்து நின்ன அத்தனை பேரும் நடுத்தர வயது ஆண்கள். அத்தனை பேர் கையிலும் சாப்பாட்டுப் பை! வெளிநாட்டுல எல்லாம் இளைஞர்கள்தான் கூட்டத்தோட சேருவாங்கன்னு எழுதி வெச்சிருக்கான். தப்பு! தினமும் வேலைக்குப் போய் வந்து, சொன்ன இடத்துல நின்னு பழகின ஆம்பிளைதான் எந்த வரிசையைப் பாத்தாலும் காரணம் கேக்காம போய் நிக்கிறான். இதுக்கு நான் பேரு வெச்சுட்டேன்."

"என்ன பேரு சார்?"

"டிபன் பை விளைவு."

திங்கட்கிழமை துறையில் 'வாய்ப்புகள் தினம்' நடந்தது. பவ்யா மேடையேறிப் பேசினாள். பின்னால் திரையில் சாப்பாட்டுப் பைக்காரர் ஆளுயரத்துக்கு நின்றார். ஷட்டரை ஏறெடுத்தும் பார்க்காத அந்த முகத்தில் சிந்தனை அறவே இல்லாததை பவ்யா ஒரு குச்சியால் சுட்டிக் காட்டினாள். ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். கோடை விடுமுறை இடம் பவ்யாவுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார். டில்லியில் நடக்கப்போகும் மாநாட்டில் டிபன் பை விளைவைக் கட்டுரையாகப் படிப்பதாகவும் முடிவாயிற்று.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னாள்.

ரவிச்சந்திரன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "சம்பளம் உண்டா?"

"அனுபவம் கிடைக்கும்பா."

"அனுபவமா? அது எங்ககிட்டயே நிறைய இருக்கு, எடுத்துக்கோயேன்" என்றார். கோச்சிங் பேச்சை மட்டும் அப்புறம் எடுக்கவில்லை. அவருக்கு ஆராய்ச்சி என்றால் என்ன என்று தெரியாது, தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை என்று பவ்யா அம்மாவிடம் பெருமூச்சு விட்டாள். கஸ்தூரி ஏதோ சொல்ல வாயெடுத்து, குக்கர் விசில் அடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். பவ்யா திறந்தாள்.

வாசலில் டிபன் பை விளைவு நின்றுகொண்டிருந்தது.

அதே வழுக்கை, அதே அரைக்கைச் சட்டை. கையில் பை மட்டும் இல்லை. "அப்பா இருக்காராம்மா? யூனியன் மீட்டிங் விஷயமா பேசணும். நான் கலியமூர்த்தி, திருநின்றவூர்லேர்ந்து வரேன்" என்றார். அவளை அடையாளம் தெரிந்ததும் சிரித்தார்.

"அப்பா குளிக்கிறாரு. உள்ள வாங்க சார், உக்காருங்க சார்!" பவ்யாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆராய்ச்சியாளர் ஆயுசு முழுக்கத் தேடினாலும் முதல் சப்ஜெக்டை மறுபடி பார்க்கக் கிடைக்குமா? காபி கொண்டுவந்து கொடுத்தாள். மோடாவை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், அன்னைக்கு அவ்வளவு பேரு நின்னாங்கல்ல? அதுக்கெல்லாம் நீங்கதான் காரணம். உங்களைப் பாத்துத்தான் மத்தவங்க வந்தாங்க. டில்லியில உங்களைப் பத்திப் பேசப் போறாங்க, தெரியுமா?"

"என்னைப் பத்தியா? நான் என்னம்மா செஞ்சேன்?"

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். யோசிச்சு நிதானமா சொல்லுங்க. அந்த நிமிஷம் உங்க மனசுல என்ன ஓடுச்சு? யாருமே நிக்காத இடத்துல, ஒண்ணுமே குடுக்காத வரிசையில, நீங்க எதுக்கு வந்து நின்னீங்க?"

கலியமூர்த்தி காபியைக் கீழே வைத்தார். குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதம்மா… அன்னைக்கு ஷிஃப்ட் விட்டதும் ஃபேக்டரி கேட்டுல நின்னுகிட்டு, 'எம் பொண்ணு மார்க்கெட்டுல வரிசையில தனியா நிக்குதாம், பின்னாடி யாரும் வரலன்னு அழுவுதாம், எதுக்குன்னு எனக்கும் புரியல, வீட்டுக்குப் போறவன் எல்லாம் கொஞ்ச நேரம் அவ பின்னாடி நின்னுட்டுப் போங்கடா'ன்னு ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சுக் கேட்டாரு உங்கப்பா, எங்க செக்‌ஷனே கிளம்பி வந்துட்டோம்."